பேஸ்பால் கேட்சரின் வேலை: முதல் சைகை முதல் கடைசி எறிதல் வரை முழுமையான வழிகாட்டி

தொழில்முறை பேஸ்பாலில் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 140 முதல் 150 பந்துகள் வரை எதிர்கொள்கிறார். அவற்றில் பாதியளவுக்குப் பேட்டர் மட்டையை வீசாமலே விட்டுவிடுகிறார். அந்தப் பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்ததா), பாலா (எல்லைக்கு வெளியே போனதா) என்று அம்பயர் முடிவெடுக்கும் நொடியில் அவர் கண்முன் இருப்பது கேட்சரின் தடித்த கையுறையான மிட்தான். பேஸ் திருட, அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு (ஓட்டத்தில் தொட வேண்டிய நிலைக்கு) ஓடும் ரன்னரைப் பிடிக்க எறியும் வாய்ப்போ சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். ஆனாலும் புதிதாக இந்த இடத்துக்கு வருகிறவர்கள் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை எறிவதிலேயே கழிக்கிறார்கள். எது அதிக முறை நடக்கிறதோ அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

கிரிக்கெட் விக்கெட் கீப்பரைப் போன்றவர்தானே என்று நினைத்து வருகிறவர்கள் சீக்கிரமே தடுமாறுகிறார்கள். கேட்சரால் பின்னால் தள்ளி நிற்க முடியாது, மட்டை சுழலும் வளைவுக்குச் சற்று வெளியேதான் உட்கார வேண்டும். எந்தப் பந்தைப் போடலாம் என்று முன்மொழிவதும் பெரும்பாலும் அவர்தான். களம் முழுவதையும் முன்னோக்கிப் பார்க்கும் ஒரே தடுப்பாட்டக்காரரும் அவரே.

உபகரணம்

மிட்டில் தனித்தனி விரல் பிரிவு கிடையாது. தடித்த விளிம்பும் ஆழமான பையும் உண்டு. வட அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்கின் விதிப்படி சுற்றளவு 38 அங்குலத்தையும், மேலிருந்து கீழாக அளந்தால் 15.5 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. பெரியவர்கள் பெரும்பாலும் 33 முதல் 34.5 அங்குலம் வரையிலான மிட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புது மிட் பலகைபோல விறைப்பாக இருக்கும், அதை ஆட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான பையில் தானாக உட்காரும்வரை பயிற்சியில் பிடித்துப் பழக்குங்கள். உள்ளங்கையில் விழுந்துகொண்டே இருந்தால் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி வீங்கி மரத்துப்போகும். கேட்சர்களுக்கு மிகவும் பழக்கமான வலி அது. உள்ளே மெல்லிய கையுறையோ விரல் பட்டையோ போட்டுக்கொண்டால் அதிர்ச்சி குறையும், ஆனால் பந்து தவறான இடத்தில் விழுவதை அது சரிசெய்யாது.

முகமூடியில் இரண்டு வகை உண்டு: தொப்பிக்கவசத்தோடு சேர்த்து அணியும் பழைய கம்பி முகமூடி, தலை முழுவதையும் மூடும் ஹாக்கி பாணி. இரண்டாவதை மேஜர் லீக்கில் 1996இல் டொரொண்டோவின் சார்லி ஓ'பிரையன் அறிமுகப்படுத்தினார். முகமூடியின் அடியில் தொங்கும் தொண்டைக் கவசத்தைச் சிலர் தொல்லை என்று கழற்றிவிடுகிறார்கள். 1976இல் அடுத்ததாக ஆடக் காத்திருந்த டாட்ஜர்ஸ் கேட்சர் ஸ்டீவ் யேகரின் கழுத்தில் உடைந்த மட்டையின் சிம்பு குத்திய பிறகுதான் அந்தக் கவசம் உருவானது. ஹாக்கி முகமூடியின் முகவாய்ப் பகுதி தொண்டையை முழுதாக மறைக்காவிட்டால் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

காற்கவசத்தின் கொக்கிகள் காலின் வெளிப்புறம் வர வேண்டும். உட்புறம் மாட்டினால் ஓடும்போது ஒன்றோடொன்று சிக்கிக் கீழே தள்ளிவிடும். மார்புக் கவசம் காறை எலும்புகளை மூட வேண்டும், தோளை இறுக்கக் கூடாது. இறுக்கினால் எறியும் கை பாதி வழியிலேயே தடைபடும். கவட்டைக் காக்கும் கப் கட்டாயம், பயிற்சியிலும்கூட.

சைகை, பிட்ச்காம், கடிகாரம்

மேஜர் லீக்கில் 2022 முதல் பிட்ச்காம் கருவிக்கு அனுமதி உண்டு. கேட்சர் மணிக்கட்டிலோ காற்கவசத்திலோ கட்டிய பொத்தான் பலகையை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். களத்தில் வேறு மூன்று பேர்வரை அதைக் கேட்கலாம். விரல் சைகைகளை மறந்துவிடாதீர்கள். கருவி எந்த நேரமும் பழுதாகலாம், கூட்டத்தின் இரைச்சலில் குரல் கேட்காமலும் போகலாம். பழைய முறை இது: ஒரு விரல் ஃபாஸ்ட்பால் (வேகப்பந்து), இரண்டு கர்வ்பால் (வளைந்து இறங்குவது), மூன்று ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகுவது), நான்கு சேஞ்சப் (வேகம் குறைந்தது). வலது கையைத் தொடைகளுக்கு நடுவே ஆழமாக, உடலை ஒட்டி வையுங்கள். மிட்டை இடது முழங்காலுக்கு வெளியே தொங்கவிட்டால் மூன்றாம் பேஸ் பயிற்சியாளரின் பார்வை மறையும். விரல்கள் தொடைக்குக் கீழே இறங்கினால் பக்கவாட்டிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டாம் பேஸில் ரன்னர் இருந்தால் ஒற்றைச் சைகை போதாது. நான்கைந்து சைகைகளை வரிசையாகக் காட்டி, அவற்றில் எது உண்மையானது என்பதைப் பிட்சரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

2023இல் பிட்ச் கடிகாரம் வந்தது. பேஸ்கள் காலியாக இருந்தால் 15 நொடி. ரன்னர் இருந்தால் முதல் ஆண்டில் 20, 2024 முதல் 18. கடிகாரத்தில் 9 நொடி மீதமிருக்கும்போது கேட்சர் தன் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். அதனால் அடுத்த பந்துக்கான யோசனை, இந்தப் பந்தைப் பிட்சருக்குத் திருப்பி எறியும்போதே தொடங்கிவிட வேண்டும்.

எதை யோசிப்பது? பேட்டரின் கடைசி வீச்சை. ஃபாஸ்ட்பாலுக்கு மட்டையைத் தாமதமாகக் கொண்டுவந்தவருக்கு உடனே மெதுவான பந்தைக் கேட்டால் நீங்களே அவருக்கு உதவுகிறீர்கள். அவர் தாமதம்தான் அந்தப் பந்துக்குச் சரியான நேரமாகிவிடும். முன்பே சுற்றிவிட்டவருக்குச் சேஞ்சப் கேளுங்கள். பேட்டர் பிளேட்டுக்கு (அவர் பக்கத்தில் தரையில் பதித்த தகட்டுக்கு) நெருங்கி நகர்ந்தாரா, பின்னங்காலைக் கட்டத்தின் பின்கோட்டுக்குத் தள்ளினாரா என்று ஒவ்வொரு பந்துக்கும் முன் அவர் காலைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று பிட்சரின் கையில் எந்தப் பந்து நன்றாக வருகிறது என்பதே முதல் கேள்வி. பேட்டரின் பலவீனம் கர்வ்பால் என்று அறிக்கை சொல்லலாம். இன்று அந்தக் கர்வ்பால் திரும்பவில்லை என்றால் அந்த அறிக்கையால் பயனில்லை.

உட்காரும் முறை

மிட்டை முன்னால் நீட்டினால் பேட்டரின் பின்பக்க முழங்கையை ஏறத்தாழத் தொடும் தூரம் சரியானது. அதைவிட நெருங்கினால் மட்டை மிட்டில் படும். அது கேட்சர் குறுக்கீடு, பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், உங்கள் கையெலும்புக்கும் ஆபத்து. தாழ்வான பந்தைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்று கேட்சர்கள் முன்னேறி உட்காரத் தொடங்கியதால் இந்தக் குறுக்கீடு அண்மை ஆண்டுகளில் கூடியிருக்கிறது. பேட்டர் பின்னால் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள்.

இரண்டு பாதங்களிலும் குத்துக்காலிட்டு உட்கார்வதே முன்பு வழக்கம். இப்போது மேஜர் லீக்கில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவதே பரவலாகிவிட்டது. காரணம் எளிது: மிட் தரைக்கு நெருக்கமாக இருக்கும், தாழ்வான பந்தைக் கீழிருந்து மேலாகப் பிடிக்கலாம். எந்த முழங்கால் என்பது உங்கள் இடுப்பு எந்தப் பக்கம் தாராளமாகத் திறக்கிறது என்பதைப் பொறுத்தது. மிட் பக்கத்துக் காலை ஊன்றி, மற்றொரு காலைப் பக்கவாட்டில் நீட்டுவதில் தொடங்கிப் பாருங்கள். ஊன்றிய முழங்காலில் முழு எடையையும் போட்டு உட்கார்ந்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. எடை நீட்டிய காலின் உள்பாதத்திலும் இருந்தால்தான் அங்கிருந்து நகர முடியும்.

பேஸ்கள் காலியாக இருந்தால் வலது கையைக் கணுக்காலுக்குப் பின்னால் ஒளித்துவிடுங்கள். ரன்னர் இருந்தால் மிட்டுக்குப் பின்னால், கட்டைவிரலை உள்ளே மடக்கிய தளர்வான முட்டியாக வையுங்கள். மட்டையின் விளிம்பில் பட்டுத் திசை மாறும் பந்து திறந்த விரல்களைத்தான் உடைக்கும்.

பந்தைப் பிடித்தல்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

மணிக்கு 95 மைல் வேகப் பந்து பிட்சரின் கையை விட்டபின் பிளேட்டை அடைய ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். மிட்டில் மோதும்போது அது தான் போகும் திசையிலேயே மிட்டையும் இழுத்துச் செல்லும். தாழ்வான பந்து மிட்டைத் தரைக்கு அழுத்தும், வெளிப்புறப் பந்து இன்னும் வெளியே தள்ளும். ஸ்ட்ரைக் மண்டலத்தின் விளிம்பைத் தொட்ட பந்துகூட அம்பயர் கண்ணுக்குப் பாலாகத் தெரிவது இதனால்தான். ஃப்ரேமிங் என்ற திறனின் பெரும்பகுதி, ஸ்ட்ரைக்காக வந்த பந்தை ஸ்ட்ரைக்காகவே வைத்திருப்பதுதான்.

மண்டலத்தின் அகலம் பிளேட்டின் 17 அங்குலம். பந்தின் எந்தப் பகுதி அதைத் தொட்டாலும் ஸ்ட்ரைக். கீழ் எல்லை பேட்டரின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே. மேல் எல்லை தோளுக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவே.

1. பிட்சருக்கு மிட்டை விரித்துக் குறி காட்டுங்கள். அவர் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது மிட்டைத் தளர்த்தி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி கீழே இறக்குங்கள். விறைப்பாக நீட்டியே வைத்திருந்தால் கடைசி நொடியில் குத்துவதுபோலத்தான் நகர முடியும்.

2. பந்து வரும் இடத்துக்குக் கீழேயும் வெளியேயும் மிட்டை முன்பே கொண்டுபோங்கள். அங்கிருந்து பந்தை நோக்கி, மண்டலத்தின் நடுப்பக்கமாக நகரும்போது பிடியுங்கள். தாழ்வான பந்துக்குக் கீழிருந்து மேலே, வெளிப்புறப் பந்துக்கு வெளியிலிருந்து உள்ளே, உயரமான பந்துக்கு மேலிருந்து கீழே.

3. முழங்கை மடங்கியே இருக்கட்டும். முழங்கை நேரானவுடன் கைக்கு வலுப் போய்விடும், பந்து மிட்டைத் தள்ளிக்கொண்டு போகும்.

4. பிடித்த பின் நகர்த்தாதீர்கள். அசைவும் பிடியும் ஒரே செயலாக முடிந்து, மிட் அரை நொடி அசையாமல் நிற்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். வலதுகை பிட்சர், வலதுகை பேட்டர், வெளிப்புறம் தாழ்வாக ஸ்லைடர். பந்து பிளேட்டின் நடுவை நோக்கி வருவதுபோல் தோன்றி, கடைசியில் கேட்சரின் வலப்பக்கமாகக் கீழிறங்கும். மிட் நடுவிலேயே காத்திருந்தால் பந்தைத் துரத்தி வலப்பக்கம் ஓட வேண்டும், பிடிக்கும்போது மிட் மண்டலத்தைவிட்டு விலகிக்கொண்டிருக்கும். அம்பயர் அதைத்தான் பார்ப்பார். நல்ல கேட்சர் பந்து கிளம்பியவுடனேயே மிட்டைத் தன் வலது முழங்காலின் உட்புறத்துக்குத் தாழ்த்திவிடுகிறார். கட்டைவிரல் தரைப் பக்கம் திரும்பியிருக்கும். பந்து வந்து சேரும்போது மிட் ஓரிரு பந்தகலம் மேலும் இடதுமாக ஏறிக்கொண்டிருக்கும். பந்தின் வேகம் அந்த ஏற்றத்தில் கரைந்துவிடும்.

ஒரு அடி வெளியே போன பந்தைப் பிடித்து நடுவுக்கு இழுக்காதீர்கள். அது அம்பயரை ஏமாற்றாது, அடுத்த விளிம்புப் பந்தில் உங்கள் மீதான நம்பிக்கையைத்தான் குறைக்கும். தெளிவான பாலைப் பிடித்தவுடன் திருப்பி எறிந்துவிடுங்கள். ஒரு தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால், பிட்சரைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேளுங்கள். அம்பயரை நோக்கித் தலையைத் திருப்பினால் அரங்கம் முழுவதும் அதைப் பார்க்கும்.

மண்ணில் விழும் பந்தை மறித்தல்

இங்கே பிடிப்பது நோக்கமல்ல, பந்தைப் பிளேட்டுக்கு முன்னாலேயே சாகடிப்பதுதான் நோக்கம். மிட் முதலில் இரண்டு முழங்கால்களுக்கு நடுவிலான இடைவெளியை அடைக்க வேண்டும், உடல் அதைப் பின்தொடர வேண்டும். முகவாய் மார்பைத் தொடட்டும். தோள்களை முன்னோக்கி வளைத்து மார்பைக் குழிவாக்குங்கள். மூச்சை வெளியே விட்டபடி வாங்கினால் பந்து துள்ளாது. நெஞ்சை நிமிர்த்தினால் சுவரில் பட்டதுபோலத் தெறித்துவிடும். பந்து பக்கவாட்டில் விழுந்தால் அந்தப் பக்கத் தோளைப் பிளேட்டை நோக்கித் திருப்புங்கள். அப்போது தெறிக்கும் பந்தும் நடுவுக்கே வரும்.

முகத்தைத் திருப்பிக்கொள்வதே இதில் எல்லோரும் செய்யும் தவறு. திருப்பினால் கவசமில்லாத கழுத்தும் காதும்தான் பந்துக்குக் கிடைக்கும். கர்வ்பால் கேட்டவுடனேயே அது மண்ணில் விழும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். விழாவிட்டால் பிடிப்பதற்கு நேரம் இருக்கும்.

இரண்டாம் பேஸுக்கு எறிதல்

முதலில் கணக்கு. முதல் பேஸிலிருந்து ரன்னர் இரண்டாம் பேஸை அடைய ஏறத்தாழ 3.3 முதல் 3.5 நொடி. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து மிட்டில் விழ 1.3 நொடி. எனவே கேட்சருக்கு மிஞ்சுவது 2 நொடி. மிட்டில் பந்து விழுந்ததிலிருந்து இரண்டாம் பேஸை அடையும்வரை ஆகும் இந்த நேரத்துக்குப் பாப் டைம் என்று பெயர். மேஜர் லீக் சராசரி 2.0 நொடியை ஒட்டி இருக்கும், 1.9க்குக் கீழே போவது மிகச் சிறந்தவர்களுக்கு மட்டும். தூரம் 127 அடி 3 அங்குலத்துக்குச் சற்று அதிகம். இந்த 2 நொடியில் ஏறத்தாழ 0.7 நொடி பந்தை மிட்டிலிருந்து எடுத்து விடுவதற்கும் மீதி பந்தின் பயணத்துக்கும் போகிறது. கை பலம் மெதுவாகத்தான் கூடும். கால்வைப்பையும் பந்தை மாற்றுவதையும் திருத்தினால் சில வாரங்களிலேயே நேரம் குறையும்.

ரன்னர் ஓடினால் பந்து மிட்டை நெருங்கும்போதே வலது பாதம் நடுவுக்கு நகரத் தொடங்க வேண்டும். அது பிட்சருக்குச் செங்குத்தாகத் திரும்பி ஊன்றட்டும், இடது பாதம் இரண்டாம் பேஸை நோக்கி நேராகப் போகட்டும். மிட் மார்பின் வலப்பக்கத்துக்கு வரட்டும், வெறுங்கை அங்கே வந்து பந்தைச் சந்திக்கட்டும். கையை மிட்டுக்குள் விட்டுத் தேடாதீர்கள். எடுக்கும்போதே விரல்கள் தையலுக்குக் குறுக்கே விழ வேண்டும், அப்போதுதான் பந்து நேராகப் போகும்.

பந்து முதல் பேஸ் பக்கமாக வளைந்து விலகினால் காரணம் மூன்றில் ஒன்று: விரல்கள் தையலைத் தவறவிட்டன, கை தோளுக்குக் கீழே இறங்கியது, அல்லது இடது தோள் சீக்கிரமே திறந்துவிட்டது. பந்து உயரமாகப் போனால் அவசரத்தில் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது. இலக்கு பேஸின் முதல் பேஸ் பக்க விளிம்புக்கு மேலே, முழங்கால் உயரம். பிடிப்பவர் கையுறையைக் கீழே இறக்கினாலே ரன்னர் அதில் வந்து மோதுவார். தலைக்கு மேலே போகும் எறிதலைவிட ஒருமுறை தரையில் பட்டு வரும் எறிதல் எவ்வளவோ மேல்.

2023இல் பேஸ்களின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. பிட்சர் தான் நின்று எறியும் மேட்டில் காலை விலக்கவோ ரன்னரைப் பிடிக்க எறியவோ எத்தனை முறை முடியும் என்பதற்கும் வரம்பு வந்தது. அந்த ஆண்டு திருட்டு முயற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு வெற்றி பெற்றன. பிட்சர் 1.5 நொடி எடுத்துக்கொண்டால் பெரும்பாலான கேட்சர்களால் ஈடுகட்ட முடியாது. ஆகவே பிட்சரின் நேரத்தையும் நீங்களே அளந்து அவரிடம் சொல்லுங்கள்.

ஹோம் பிளேட்டில்

2011இல் சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போஸியின் கால் ஒரு மோதலில் முறிந்தது. 2014இல் மோதல் விதி வந்தது. பந்து கையில் இல்லாதபோது ரன்னரின் பாதையை அடைத்து நிற்கக் கூடாது. பிளேட்டுக்கு முன்னால், களத்தின் பக்கம் நின்று, மூன்றாம் பேஸ் கோட்டை ரன்னருக்கு விட்டுவிடுங்கள். முதலில் பந்து, பிறகுதான் ரன்னர். ரன்னரைப் பந்தோடு தொட, அதாவது டேக் செய்யப் போகும் அவசரத்தில் பந்தைத் தவறவிடுவதே இங்கே அதிகம் நடக்கிறது. பந்தை வெறுங்கையில் இறுகப் பிடித்து, அந்தக் கையை மிட்டுக்குள் வைத்து டேக் செய்தால் மோதினாலும் நழுவாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தலைக்கு மேலே செங்குத்தாக எழும் பந்து பின்சுழற்சியால் களத்தை நோக்கித் திரும்பி வரும், ஆகவே களத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பந்தைக் கண்ட பிறகே முகமூடியைக் கழற்றி எதிர்த்திசையில் தூர எறியுங்கள். மூன்றாம் ஸ்ட்ரைக் கைநழுவினால், முதல் பேஸ் காலியாகவோ இரண்டு பேர் அவுட்டாகவோ இருந்தால் பேட்டர் ஓடலாம். டேக் செய்யுங்கள், முடியாவிட்டால் முதல் பேஸுக்கு எறியுங்கள். பன்ட் செய்த (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிய) பந்து உருண்டுகொண்டிருந்தால் மிட்டும் கையும் சேர்த்து அள்ளுங்கள், நின்றுவிட்டால் வெறுங்கையால் தரையோடு அழுத்தி எடுங்கள். பேஸ்கள் காலியாக இருக்கும்போது பந்து உள்களத்தில் உருண்டால், முதல் பேஸுக்குப் பின்னால் காப்பாக ஓடுங்கள். யாரும் கவனிக்காத ஓட்டம் அது. தவறிய ஓர் எறிதல் கூடுதல் பேஸாக மாறாமல் தடுப்பதும் அதுதான்.

பிட்சரோடு

2024 முதல் ஓர் ஆட்டத்தில் மேட்டுக்குப் போய்ப் பேச நான்கு வாய்ப்புகளே உண்டு, பயிற்சியாளர் போவதும் அதில் சேரும். நுட்பம் சொல்லித்தர அதை வீணாக்காதீர்கள். பிட்சர் அடுத்தடுத்து உயரமாகப் போட்டால், மிட்டைத் தரைக்குத் தாழ்த்திக் காட்டுவதே போதுமான செய்தி. போய்ப் பேசத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு விஷயம்: அடுத்த பந்து எது, எங்கே.

முறையீடு

2026 முதல் மேஜர் லீக்கில், அம்பயரின் ஸ்ட்ரைக், பால் தீர்ப்பைக் கருவியால் சரிபார்க்கக் கேட்கும் தானியங்கி முறையீட்டுக்கு இடமுண்டு. ஒவ்வோர் அணிக்கும் தொடக்கத்தில் இரண்டு வாய்ப்புகள், வென்றால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் மட்டுமே கேட்கலாம். தீர்ப்பு வந்தவுடன், வெளியிலிருந்து உதவியில்லாமல், தொப்பியையோ தலைக்கவசத்தையோ தட்ட வேண்டும். தடுக்கும் அணியில் இந்த உரிமையைக் கேட்சரிடமே விட்டுவிடுவது நல்லது. பிட்சருக்குத் தன் பந்து எப்போதும் ஸ்ட்ரைக்காகவே தெரியும், அவர் பார்க்கும் கோணமும் தூரமும் சாதகமாக இல்லை. கருவி அளக்கும் மண்டலத்தின் மேல் எல்லை பேட்டரின் உயரத்தில் 53.5 விழுக்காடு, கீழ் எல்லை 27 விழுக்காடு. பக்கவாட்டு விளிம்பைவிட உயரத்தைக் கணிப்பதில்தான் கேட்சரும் தவறுவார். மிட்டை மேலே ஏற்றிப் பிடித்ததால் பந்தே உயரமாக வந்ததாக அவருக்கும் தோன்றிவிடும். முதல் இன்னிங்ஸில் பாலும் ஸ்ட்ரைக்கும் இன்னும் இல்லாத 0-0 எண்ணிக்கையில் ஒரு வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக், பேஸ்களில் ஆள் என்ற நிலைக்காக வைத்திருங்கள்.

பயிற்சி

தினமும் தொடங்குவது வெறுங்கையால். ஐந்தடி தூரத்திலிருந்து ஒருவர் டென்னிஸ் பந்தை மெதுவாகப் போட, கீழிருந்து மேலே 25 பிடிகள். பிறகு மிட்டோடு இயந்திரப் பந்துகள் 40 முதல் 50, எல்லாமே மண்டலத்தின் விளிம்பில், பாதி தாழ்வாக. மறித்தலில் 15 போதும், அதற்கு மேல் போனால் உடல் சோர்ந்து தவறான வடிவம் பழகிவிடும். எறிதலில் பந்தில்லாமல் கால்வைப்பு மட்டும் 20 முறை, பந்தை மாற்றுவது மட்டும் 20 முறை, இரண்டாம் பேஸ்வரை முழு வேகத்தில் 8 முதல் 10. மறுநாள் ஆட்டம் இருந்தால் அந்தக் கடைசிப் பத்தை விட்டுவிடுங்கள், டென்னிஸ் பந்து 25ஐ விடாதீர்கள்.